முள் பொறுக்க ஒரு விடுப்பு

1

என் மகள் மதியின் பள்ளிக்கூடத்தில் விடுப்பு கேட்பதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. பெயர், வகுப்பு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, காரணம். காரணத்துக்கு மட்டும் மூன்று கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் பள்ளி நாளில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கல்யாணம், சாவு என்று கனமாக ஏதாவது காட்ட வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மதி பேனாவைப் பிடுங்கி, அவளுடைய அழகான ஜெர்மனில் எழுதிவிட்டாள்: "கண்மாயில் முள் பொறுக்க வேண்டும். இது என் அப்பாவுக்கு விதிக்கப்பட்ட தண்டனை. நான் துணைக்குப் போகிறேன்."

என் மனைவி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். இந்தத் தண்டனை எனக்கு எப்படி வந்தது என்பதை தமிழ்நாட்டில் இருக்கிற உங்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.

2

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஊர் சின்னது, கண்மாய் பெரியது. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அதில் தண்ணீர் இருக்காது.

ஊர் உலகமே கிரிக்கெட் ஆடும்போது உங்கள் ஊரில் மட்டும் ஏன் கால்பந்து என்று மதி ஒருமுறை கேட்டாள். கரிசல் மண்தான் காரணம். கோடையில் கண்மாய்க்குள் கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு விழும். ஆடுகிற இடத்தில் மண் போட்டு மூடிவிடுவோம், ஆனால் எல்லைக்கு வெளியே போகிற பந்தை யார் காப்பாற்றுவது? கிரிக்கெட் பந்து வெடிப்புக்குள் போனால் கடப்பாரையோடுதான் போக வேண்டும். கால்பந்து அதில் நுழையாது. எங்கள் விளையாட்டு வரலாறு இவ்வளவுதான்.

மொத்தம் ஆறு அணிகள். அருப்புக்கோட்டை, மல்லாங்கிணறு என்று டவுன் அணிகளும் உண்டு. இவ்வளவு பெரிய இடம் வேறு எங்கும் இல்லாததால் எல்லா ஆட்டமும் எங்கள் கண்மாயில்தான், ஞாயிற்றுக்கிழமை தோறும். சீசன் சித்திரையில் தொடங்கும். எப்போது முடியும் என்று மட்டும் எந்த நோட்டீஸிலும் போட மாட்டார்கள். மழை பெய்து, வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, கரையில் இருக்கிற மடையின் கீழ்ப்படியைத் தொட்டால் அன்றைக்கு முடிந்தது. கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிற நீர்ப்பாய்ச்சி மாரிக்கண்ணு அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து வீசிக் காட்டுவார். அந்த நிமிடத்தில் யார் புள்ளியில் முன்னால் இருக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. பாதியில் நிற்கிற ஆட்டம் கணக்கில் சேராது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஆடுகிறவனும் சரி, ஆடி ஓய்ந்தவனும் சரி, மழை வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லக்கூடாது. கொஞ்சம் தள்ளி வரட்டும் என்றுகூடச் சொல்லக்கூடாது. தண்ணீர் வற்றியதும் ஆடுகளம் முழுக்கச் சீமைக் கருவேல முள் கிடக்கும். மற்ற வருடங்களில் எல்லோரும் சேர்ந்து பொறுக்குவோம். மழையைப் பற்றித் தப்பாகப் பேசியவன் ஒருவன் இருந்தால், அந்த வருடத்து முள் முழுக்க அவன் பாடு. நான் கோல்கீப்பராக நின்ற எட்டு வருடத்தில் அந்தத் தண்டனை யாருக்கும் கிடைத்ததில்லை. யாரும் அப்படிச் சொன்னதில்லை.

3

செல்வமும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் டிப்ளமோ முடித்து, மெஷின் கம்பெனி வேலையில் ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தேன். அவன் நாலு ஏக்கர் மானாவாரி நிலத்தையும் எங்கள் அணியையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிட்டான். வாரம் ஒருமுறை பேசுவோம். போன சித்திரையில் சீசன் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே எங்கள் கோல்கீப்பர் திருப்பூர் வேலைக்குக் கிளம்பிப் போனான். வேறு ஆள் இல்லாமல், நாற்பத்தைந்து வயதில் செல்வமே கையுறையை மாட்டிக்கொண்டு நின்றான்.

முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. செல்வத்தின் மனைவி பார்வதி கரையில் உட்கார்ந்து போனில் வீடியோ காட்டுவாள். கோல் விழுந்தால் குதிப்பாள். குதித்தால் போன் வானத்தைப் பார்க்கும். எங்கள் ஆட்கள் போட்ட ஒரு கோலையும் நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. திரையில் திடீரென்று நீலமாக வானம் தெரிந்தால் கோல் என்று புரிந்துகொள்வோம். தோற்ற ஆட்டங்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

மதிக்குப் பதினான்கு வயது. ஊரிலிருந்து போன் வந்தால் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்ற இரண்டு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அறைக்குள் ஓடிவிடுவாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், தமிழ் வகுப்பில் சேர்த்தும் பார்த்தேன். மூன்றாவது தோல்வியின்போது கையில் தட்டோடு என் பின்னால் போனவள் நின்று, திரையைப் பார்த்து, "அஞ்சாம் நம்பர் ஏன் எப்பவும் தூங்குறான்?" என்றாள். அவளும் இங்கே பெண்கள் அணியில் தடுப்பாட்டம் ஆடுகிறவள்.

ஆட்டம் முடிந்ததும் பார்வதி அதை அப்படியே செல்வத்திடம் சொல்லிவிட்டாள். அவன் போனை வாங்கினான்.

"யாரு, பாப்பாவா? ஏ தாயி, இங்கிட்டு வா. அவனை எங்க நிப்பாட்டணும்னு சொல்லு."

மதி தயங்கித் தயங்கி, கையை ஆட்டி, பாதித் தமிழில் சொன்னாள். செல்வம் ஒவ்வொன்றுக்கும் "சரி தாயி", "சரி தாயி" என்று கேட்டுக்கொண்டான். அடுத்த ஞாயிறு அஞ்சாம் நம்பரை அவள் சொன்ன இடத்தில் நிறுத்தி, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். அன்றைக்கு நாங்கள் வானம் பார்த்தோம். அடுத்த நாள் காலையில் மதியின் போன் எண் எங்கள் அணியின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருந்தது. என்னை அந்தக் குழுவில் சேர்க்க அவர்களுக்கு ஆறு வருடம் பிடித்தது.

அதற்குப் பிறகு ஏற்றமும் இறக்கமும்தான். மல்லாங்கிணறுக்காரர்களை இரண்டு தடவை ஜெயித்தோம். ஆடி மாதம் காற்று கிளம்பி, அடிக்கிற பந்தெல்லாம் எங்கள் பக்கமே திரும்பி வந்து இரண்டு ஆட்டம் போனது. அருப்புக்கோட்டை அணியில் பாதிப் பேர் தறிக்காரக் குடும்பத்துப் பையன்கள், களத்தில் தங்களுக்குள் தெலுங்கில் கத்திக்கொள்வார்கள். தறிக்கு நூல் லோடு ஏற்றிப் போய்வந்த காலத்தில் செல்வம் கொஞ்சம் தெலுங்கு கற்றிருந்தான். அவர்கள் இடது என்றால் இவன் முன்கூட்டியே இடதுபக்கம் பாய்ந்தான். இடைவேளைக்குள் விஷயம் தெரிந்து, இரண்டாவது பாதியில் அவர்கள் கன்னடத்துக்கு மாறிவிட்டார்கள், தறிக்காரர்களில் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்களும் உண்டு. மூன்று கோல் வாங்கினோம்.

இப்படி விழுந்து எழுந்து ஐப்பசிக்கு வந்தபோது ஒரே ஒரு ஆட்டம் பாக்கி, அதுவும் அதே அருப்புக்கோட்டையோடு. அவர்கள் எங்களைவிட இரண்டு புள்ளி முன்னால். ஜெயித்தால் எங்களுக்கு மூன்று புள்ளி, கோப்பை எங்களுக்கு. எங்கள் ஊர் அந்தக் கோப்பையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. நான் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வந்த வருடமும் கடைசி ஆட்டத்தில்தான் விட்டோம். அதை இங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னாலும் யாருக்குப் புரியும்?

4

இங்கே வந்த முதல் வருடம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனி லிப்டில் கூட வேலை பார்க்கிறவர் குடையை உதறியபடி, இன்றைக்கு மோசமான வானிலை என்றார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், இல்லையே, நல்ல வானிலைதான், மழை பெய்கிறதே என்றேன். லிப்டில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள், கேலியாகச் சிரிக்கவில்லை. ஆனாலும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து மழை பெய்தால் மோசமான வானிலை என்று நானும் சொல்லப் பழகினேன். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு லிப்டிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குடியிருப்பு அனுமதிக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது, சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளிடமும் அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன். அவரும் தலையாட்டி, முத்திரை குத்தினார். பழக்கம் அவ்வளவு உதவியாகத்தான் இருந்தது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை செல்வத்தோடு பேசினேன்.

"வானம் எப்படி மாப்ள இருக்கு?"

"கூடுது, கலையுது. நேத்து மேக்க மின்னுச்சு."

"ஞாயித்துக்கிழமை தாண்டி வந்தாப் போதும்ல. கப்பு நம்மளுக்குத்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

"சரி மாப்ள. மாட்டுக்குத் தண்ணி காட்டணும். வாரேன்."

கொஞ்ச நேரத்தில் குழுவில் ஒரு வரி வந்தது: "அடுத்த வருசம் முள்ளுக்கு ஆள் கெடச்சாச்சு." யார் என்று அவன் எழுதவில்லை.

5

சனிக்கிழமை காலையில் மதி செய்தித்தாளை விரித்து, பூட்ஸிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"முள்ளு யாருக்குப்பா? செல்வம் மாமாட்ட கேட்டேன். சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டாரு."

நான் காபியைக் கலக்கிக்கொண்டே நின்றேன்.

"நீங்களா?"

தலையாட்டினேன். அவள் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

"ஏன்பா அப்படிச் சொன்னீங்க? விதை இருபது நாளா மண்ணுக்குள்ள இருக்கு. எறும்பு தின்னுதாம். மாமா தினமும் போய் தோண்டிப் பார்க்கிறாரு. எனக்குப் போட்டோ அனுப்புறாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கா தெரியாது? எங்கள் பக்கம் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். நேரத்துக்கு மழை வந்தால் விதை பிழைக்கும். தாமதித்தால் எறும்பும் குருவியும் தின்றுவிடும், திரும்ப விதைக்க வேண்டும். போன வருடம் செல்வத்துக்கு அப்படித்தான் மக்காச்சோளம் முழுக்க மண்ணோடு போனது. எல்லாம் தெரியும். தெரிந்தும் அவன் விதைத்து எத்தனை நாள் ஆனது என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. ஸ்கோரைத்தான் கேட்டேன். மதி கேட்டிருக்கிறாள், தினமும் கேட்டிருக்கிறாள். என் பிள்ளை ஊரைவிட்டு விலகிப் போகிறாள் என்று இத்தனை வருடம் கவலைப்பட்டவன் நான். அந்தச் சமையலறையில் எனக்கு வெட்கமாக இருந்தது, அதோடு சேர்ந்து ஏதோ ஒரு சந்தோஷமும். இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

அவனுக்குப் போன் செய்யக் கை வரவில்லை. என்னவென்று சொல்வது?

6

ஞாயிறு எங்கள் ஊரில் மழை. நான் சொல்வது ஜெர்மனியில் இருக்கிற எங்கள் ஊர். மைதானம் ஈரமாகிவிட்டது என்று நகராட்சி பூட்டுப் போட்டுவிட்டதால் மதியின் ஆட்டம் ரத்து. காலை பதினொன்றரைக்கு இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். அங்கே மாலை நாலு மணி. அருப்புக்கோட்டை பக்கம் முந்தின நாள் ராத்திரியே நல்ல மழை என்றும், எங்கள் கண்மாயில் மட்டும் ஒரு பொட்டு விழவில்லை என்றும் பார்வதி சொன்னாள்.

முதல் கோல் அவர்கள் போட்டார்கள். தெளிவாகப் பார்த்தோம். பிறகு ஒரு வானம். இடைவேளைக்குப் பிறகு இன்னொரு வானம், அது சாம்பல் நிறத்தில் இருந்தது. இரண்டுக்கு ஒன்று. மதி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது.

ஐந்து நிமிடம் பாக்கி. அருப்புக்கோட்டை கோல் பக்கம் இரண்டு அணிக்காரர்களும் கூட்டமாகக் கிடந்தார்கள், எங்களுக்குக் கார்னர். மாரிக்கண்ணு அண்ணன் உட்பட மொத்தக் கரையும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் கோலில் செல்வம் மட்டும் தனியாக நின்றான். அவனுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில் மடை. பார்வதிக்குப் புருஷனைக் காட்டத் தோன்றியதோ என்னவோ, போனை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் பந்தைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி மடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேற்கே பெய்த மழை வரத்துக்காலில் வந்து, கரையோரத்துப் பள்ளத்தில் சத்தமில்லாமல் ஊர்ந்து, நுரையும் சருகுமாகப் படிக்குப் பக்கத்தில் பளபளத்தது. வேறு ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. ஐந்து நிமிடம் அவன் முன்னால் திரும்பி நின்றிருந்தால் போதும்.

செல்வம் கோலை அப்படியே விட்டுவிட்டு மடைக்கு ஓடினான். குனிந்து பார்த்தான். கையுறையைக் கழற்றி, படியில் கையை வைத்துப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"தொட்டுருச்சு! மாரிக்கண்ணண்ணே, தண்ணி தொட்டுருச்சு!"

திரை குலுங்கி வானத்துக்குப் போனது. கறுத்த வானம். வானம் தெரிந்தால் கோல் என்ற பழக்கத்தில் நான் எழுந்து குதித்தேன்.

"கோல்!"

"இல்லப்பா, மழை!" என்றாள் மதி. "மழைப்பா! மழை!"

அவள் அழுதுகொண்டே குதித்தாள். கீழ்வீட்டுக்காரர் அடியிலிருந்து தட்டினார். போனின் கண்ணாடியில் பெரிய பெரிய துளிகள் விழத் தொடங்கின. வழிகிற தண்ணீருக்கு நடுவே ஒரு தலைத்துண்டு சுழல்வது தெரிந்தது. நான் மெதுவாக உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் எனக்குக் கோப்பை போன வருத்தம்தான் முதலில் வந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது? அவளுக்கு வரவில்லை.

இரண்டு அணிக்காரர்களும் சேர்ந்து கூத்தாடினார்கள். அருப்புக்கோட்டைப் பையன்கள் தங்களுக்குக் கிடைத்த கோப்பையை மழையில் நீட்டிப் பிடித்து, நிறைந்ததும் எங்கள் ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். நனைந்த முகத்தோடு செல்வம் போனுக்கு வந்தான்.

"தாயி, பாத்தியா?"

"பார்த்தேன் மாமா. நீங்க ஏன் சொன்னீங்க? அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு."

"கண்ணால பாத்தாச்சே தாயி. பாத்த பெறகு எப்படிச் சொல்லாம இருக்கது?"

"விதை முளைக்குமா?"

"நாலு நாள்ல தெரிஞ்சிரும். உங்கப்பன் எங்க?"

நான் முகத்தைக் காட்டினேன். வியாழக்கிழமை பாதிப் பேச்சில் போனை வைத்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மாப்ள, கப்பு போச்சே."

"போகட்டும்டா. முள்ளை நான் பொறுக்குறேன்."

"ஏலே, பேச்சுக்குச் சொல்லாத. டிக்கெட்டைப் போட்டு வந்து முள்ளா பொறுக்கப் போற?"

"வாரேன்டா."

"நானும்" என்றாள் மதி.

ஐந்தாவது நாள் அவளுக்கு ஒரு போட்டோ வந்தது. கறுப்பு மண்ணில் வரிசையாக, விரல் நகம் அளவுக்குப் பச்சை. அதை அவள் தன் அணித் தோழிகளுக்கு அனுப்பியிருக்கிறாள். என்னவென்று விளக்கினாளோ, எனக்குத் தெரியாது.

7

வழக்கமாகப் பங்குனியில் கண்மாய் வற்றிவிடும். ஈஸ்டர் விடுமுறையில் போய்வந்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் கார்த்திகையில் இன்னும் இரண்டு மழை பெய்து கண்மாய் முட்ட நிறைந்துவிட்டது, ஈஸ்டருக்குள் வற்றாது. அதனால்தான் இந்தப் படிவம். கம்பெனியிலும் என் விடுப்பு எந்தத் தேதி என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு தேதி உண்டு, முடிவெட்டிக்கொள்ளவும் முன்பதிவு செய்ய வேண்டும். கண்மாய் மட்டும் தேதி சொல்ல மாட்டேன் என்கிறது.

நேற்று மதி பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"தண்ணி எப்படி மாப்ள கெடக்கு?"

"கரை முட்டக் கெடக்கு. சித்திரை தாண்டியும் நிக்கும் போல. சீசனே தள்ளித்தான் தொடங்கணும்."

எப்போதுதான் வற்றும் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அது வற்றினால்தான் நான் போக முடியும். மதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கட்டும்டா" என்றேன். "நல்லா நிக்கட்டும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. நான் போனைப் பார்க்கவில்லை. லைன் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"ஏலே," என்றான் செல்வம், "முள்ளுலருந்து தப்பிக்கப் பாக்குறியா?"

படிவத்தை மதி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். பெயர் எழுதியாகிவிட்டது, காரணம் எழுதியாகிவிட்டது. தேதிக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. இருக்கட்டும்.